கச்சேரியை ஒளித்துப் பதிவு செய்து குழுவில் போடுவது: சட்டம் எங்கே கோடு போடுகிறது?

#1 ஆதிதாளம்

மார்கழிக் கச்சேரி சீசன் பிறந்தால் இந்தச் சண்டையும் பிறந்துவிடுகிறது. கச்சேரி முடிந்து கேன்டீன் காபி ஆறுவதற்குள் அன்றைய மெயின் உருப்படி மூன்று வாட்ஸப் குழுக்களில் வந்து விழுகிறது. யாராவது தட்டிக் கேட்டால் வழக்கமான மூன்று பதில்களில் ஒன்று வரும்.

ஒன்று: "டிக்கெட் வாங்கினேன், என் ஃபோன், என் இஷ்டம்." இரண்டு: "தியாகராஜர் கிருதிக்கு யார் சார் பதிப்புரிமை வைத்திருக்கிறார்கள்?" மூன்றாவது எதிர்த்தரப்பு: "ஃபோனை எடுத்தாலே மூன்று வருஷம் உள்ளே."

மூன்றுமே அரைகுறை என்பது என் எண்ணம். சட்டப் பிரிவைச் சொல்லிப் பேசக்கூடியவர்களும் மைக் பக்கம் வேலை தெரிந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். தார்மீகப் பிரசங்கம் வேண்டாம், எது குற்றம், எது இல்லை, எந்த இடத்தில் மாறுகிறது என்று மட்டும் பார்ப்போம்.

#2 தாவா_எண்

முதலில் மூன்றாவது பதிலைத் தள்ளிவிடுவோம். தியேட்டரில் படத்தைப் பதிவு செய்வது பற்றிய சட்டத்தைக் கொண்டுவந்து சபாவில் ஒட்டுகிறார்கள். 2023இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டத்தின் 6ஏஏ, 6ஏபி பிரிவுகள் அவை. மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் அபராதம். ஆனால் அது படம் திரையிட உரிமம் பெற்ற இடத்தில் படத்தைப் பதிவு செய்வதற்கும், திருட்டுப் பிரதியைத் திரையிடுவதற்கும் மட்டும். கச்சேரிக்கும் நாடகத்துக்கும் அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

கச்சேரிக்கு வேலை செய்வது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம்தான். அதிலும் நாம் தேடவேண்டியது பதிப்புரிமை என்ற தலைப்பில் இல்லை. நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஓர் உரிமை உண்டு. 1994 திருத்தத்தில் வந்தது, 10-5-1995 முதல் நடைமுறை. அதற்கு முன்னால் மேடையில் பாடியவருக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. தேவ் ஆனந்த் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் நடிகரின் நடிப்பு ஒரு "படைப்பு" ஆகாது என்று சொன்ன காலம் அது. 2012 திருத்தம் 38ஏ, 38பி பிரிவுகளைச் சேர்த்து அந்த உரிமைக்குப் பல் கொடுத்தது.

38ஏ சுருக்கமாக: தன் நிகழ்ச்சியை ஒலியாகவோ ஒளியாகவோ பதிவு செய்வது, அந்தப் பதிவைப் பிரதி எடுப்பது, எந்த மின்னணு ஊடகத்திலும் சேமிப்பது, பிரதிகளை வெளியிடுவது, பொதுமக்களுக்கு எட்டவைப்பது, இவை எல்லாம் நிகழ்த்துநருக்கே உரிய தனி உரிமை. யார் நிகழ்த்துநர்? 2(க்யூக்யூ) பட்டியலைப் படித்தால் சிரிப்பு வரும்: நடிகர், பாடகர், வாத்தியக்காரர், நடனமணி, கழைக்கூத்தாடி, பாம்பாட்டி, சொற்பொழிவாளர் வரை இருக்கிறார்கள். கதாகாலட்சேபம், பட்டிமன்றம், உபன்யாசம் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

ஆகவே இரண்டாவது பதிலும் அடிபடுகிறது. தியாகராஜர் 1847இல் காலமானார், பாட்டு எல்லாருக்கும் சொந்தம். ஆனால் நேற்று மாலை ஆறரைக்கு அந்தப் பாட்டை ஒருவர் பாடிய விதம் அவருக்குச் சொந்தம், அந்த ஆண்டு முடிந்து 50 ஆண்டுகளுக்கு.

#3 கடைசிவரிசை

தாவா சார், 39ஐ விட்டுவிட்டீர்களே. சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்தால் மீறல் இல்லை என்று அதே சட்டம் சொல்கிறது. அப்படியென்றால் ஃபோனை எடுப்பது குற்றமே இல்லை.

#4 தாவா_எண்

சரியாகப் பிடித்தீர்கள். விடவில்லை, அங்கேதான் வந்துகொண்டிருந்தேன்.

39ஆம் பிரிவின் (ஏ) உட்பிரிவு: பதிவு செய்பவரின் தனிப்பட்ட உபயோகத்துக்கு, அல்லது நேர்மையான கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் மட்டுமாக எடுக்கப்படும் ஒலி, ஒளிப் பதிவு மீறல் ஆகாது. "பதிவு செய்பவரின்" என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். எடுத்தவர் வீட்டுக்குப் போய் கேட்டுக்கொண்டே தூங்கலாம், சங்கதியை (ஒரே வரியை விதவிதமாகப் பாடும் இசை மாற்றங்களை) எழுதிப் பழகலாம், பத்து வருஷம் வைத்திருக்கலாம். அதை நண்பருக்கு அனுப்பினால் அது நண்பரின் உபயோகம். விலக்கு அங்கேயே தீர்ந்துபோகிறது.

இன்னொன்று. பதிவை ஒளித்து எடுத்தாரா, மடியில் வைத்து எல்லாரும் பார்க்க எடுத்தாரா என்பது 39க்கு ஒரு பொருட்டே இல்லை. சட்டைப்பையில் வைத்து எடுத்துத் தானே கேட்பவர் இந்தச் சட்டப்படி மீறவில்லை. முக்காலி போட்டு எடுத்து யூடியூபில் ஏற்றுபவர் மீறுகிறார். கோடு பதிவு பொத்தானில் இல்லை, அனுப்பு பொத்தானில் இருக்கிறது.

ஒளித்ததற்கு வேறோர் இடத்தில் விலை உண்டு. 63ஆம் பிரிவுக் குற்றத்துக்கு "தெரிந்தே" மீறியிருக்க வேண்டும். நுழைவாயிலில் பதிவு கூடாது என்று பலகை, மேடையில் அறிவிப்பு, அப்படியும் துண்டுக்கு அடியில் ஃபோன் என்றால், பகிர்ந்த பிறகு "தெரியாது சார்" என்று சொல்ல வாய் வராது.

#5 எடிசன்_ரசிகை

குடும்பக் குழுவில் 12 பேர். அதுவும் பகிர்வதா?

#6 தாவா_எண்

ஏட்டின்படி ஆம். நடைமுறையில் 12 பேர் குழுவுக்காக யாரும் கோர்ட் படி ஏறப்போவதில்லை.

கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். "பொதுமக்களுக்கு எட்டவைத்தல்" என்பதற்கு 2(எஃப்எஃப்) விளக்கம் தருகிறது. யாராவது உண்மையில் கேட்டார்களா என்பது முக்கியமில்லை, கேட்கக் கிடைக்கும்படி வைத்தாலே போதும். 12 பேர் குடும்பக் குழு "பொதுமக்கள்" இல்லை என்று வாதாடலாம். 1,024 பேர் வரை சேரக்கூடிய ரசிகர் குழுவில், அதுவும் சேர்வதற்கான சுட்டி ஊரெல்லாம் சுற்றும் குழுவில், அந்த வாதம் நிற்காது. ஆனால் 12 பேர் குழுவிலும் பிரதி எடுத்தல் என்ற தனி மீறல் இருக்கிறது. அது "பொதுமக்கள்" என்ற சொல்லை நம்பி இருப்பதில்லை.

வீடியோ காலில் நேரலையாகக் காட்டுபவர்கள் கவனிக்க: அதே விளக்கத்தின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு ஒரே நேரத்தில் எட்டவைப்பது பொதுமக்களுக்கு எட்டவைத்ததாகவே கொள்ளப்படும்.

#7 அரைச்சாப்பு

இதுவரை எல்லாரும் "பாடகர், பாடகர்" என்றே பேசுகிறீர்கள். மேடையில் எத்தனை பேர்? வயலின், மிருதங்கம், கடமோ கஞ்சிராவோ, பின்னால் கூடப் பாடும் சிஷ்யர். ஒவ்வொருவரும் தனித்தனி நிகழ்த்துநர். பாடகரிடம் "போட்டுக்கோங்கோ" என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு தனி ஆவர்த்தனத்தை (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதியை) வெட்டி ஏற்றுகிறார்கள். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் பாடகர் தாளம் போடுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை! அனுமதி யாரிடம் வாங்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

தம்புரா போடுபவர் நிகழ்த்துநரா என்று கேட்டுச் சிரிக்காதீர்கள். "நிகழ்ச்சி நிகழ்த்தும் வேறு எவரும்" என்று பட்டியல் முடிகிறது. அவரை வெளியே தள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை.

#8 தாவா_எண்

அரைச்சாப்பு சொல்வது அப்படியே சட்டம். கூடவே சபாக்களுக்கு ஒன்று. கூடத்தை வாடகைக்கு எடுத்து, சன்மானம் கொடுத்தாலே பதிவு உரிமை சபாவுக்கு வந்துவிடாது. 19ஆம் பிரிவுப்படி எழுத்தில், கையெழுத்தோடு மாற்றித் தர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, காலாவதி. சபாச் செயலாளர் "எங்கள் கச்சேரி, எடுத்துவிடு" என்று புகார் அனுப்புவதற்கு முன் கோப்பில் அந்தத் தாள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கவாத்தியக்காரர்களின் கையெழுத்தும் சேர்த்துத்தான்.

#9 மைக்செட்

சட்டம் உங்கள் பாடு. கசியும் பதிவு மூன்று வகை, மூன்றுக்கும் வழி வேறு, அதனால் பிடிக்கும் விதமும் வேறு.

சட்டைப்பை ஃபோன் பதிவு: கேட்டவுடன் தெரியும். ஃபோனின் தானியங்கி ஒலிமட்டக் கட்டுப்பாடு மிருதங்கத்தின் ஒவ்வொரு தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) அடிக்கும் மட்டத்தைக் கீழே இழுக்கும், அரை நொடி கழித்துத்தான் மேலே விடும். அந்த அரை நொடி பாடகரின் குரல் அமுங்கும். கேட்பவர் "இன்றைக்குத் தொண்டை சரியில்லை போல" என்று கருத்து எழுதுவார். தொண்டையில் கோளாறே இல்லை.

மிக்ஸர் (மேடை மைக்குகளின் ஒலியைக் கலக்கும் கன்சோல்) பதிவு: குரலும் வயலினும் துல்லியமாக இருக்கும், கைதட்டல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வரும். கூடத்து மைக் இல்லாமல் கன்சோலின் ரெக்கார்ட் அவுட்டில் பென்டிரைவ் செருகியிருந்தால் இப்படித்தான். இது வெளியே வந்தால் ரசிகரைச் சந்தேகிக்க வேண்டாம். மேடைக்கும் கன்சோலுக்கும் நடுவே இருப்பவர்கள் நாலைந்து பேர்தான். ஒப்பந்தத்தில் "பதிவு எடுத்தால் கோப்பு யாரிடம், பென்டிரைவ் யாரிடம்" என்று ஒரு வரி இருந்தால் பாதித் தலைவலி குறையும்.

மூன்றாவது, கட்டண நேரலையைத் திரையோடு பதிவு செய்வது. அதில் நேரலை நிறுவனத்தின் முத்திரை மூலையில் இருக்கும், அதை வெட்டத்தான் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியிருப்பார்கள். மேடைப் பூவலங்காரம் பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் சந்தேகப்படலாம்.

யூடியூபின் தானியங்கிச் சோதனையை ஏமாற்ற இன்னொரு வேலை நடக்கிறது. சுருதியை அரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு) ஏற்றிவிடுவது. ஒரு கட்டையில் பாடுபவர் ஒன்றரைக் கட்டையில் பாடுவதாகக் கேட்கும். வேகத்தோடு சேர்த்து ஏற்றினால் ஏறத்தாழ 6 விழுக்காடு, பத்து நிமிஷ ஆலாபனை 9 நிமிஷம் 26 நொடியில் முடிந்துவிடும். பிருகா (வேகமான சுரக் கோவை) எல்லாம் பொம்மை மாதிரி ஓடும்.

இதைக் காதால் மட்டும் நிரூபிக்க வேண்டாம். கூடத்தில் மின்சார முனகல் எப்போதும் இருக்கும், நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ். ஃபோன் மைக் 50ஐச் சரியாகப் பிடிக்காவிட்டாலும் அதன் இரட்டிப்பான 100, மும்மடங்கான 150 தெரியும். ஆடாசிட்டியில் கோப்பைத் திறந்து நிறமாலைக் காட்சிக்கு மாற்றுங்கள். பாட்டு நிற்கும் இடத்தில், கைதட்டலுக்கு முன் ஒரு மௌனம் வருமே, அங்கே அடியில் நேர்கோடு ஓடும். அது 100இல் இல்லாமல் 106இல் ஓடினால் சுருதியை ஏற்றியிருக்கிறார்கள். குரல் பொய் சொல்லலாம், மின்வாரியம் பொய் சொல்லாது.

#10 தாவா_எண்

மைக்செட் சார், அந்த 106 ஹெர்ட்ஸ் கோட்டுக்கு நன்றி. 38பி வழக்கில் அது நல்ல சாட்சி. தன் நிகழ்ச்சியைத் தன் பேருக்குக் கேடு வரும்படி சிதைத்தால் தடை கேட்கலாம், நஷ்ட ஈடு கேட்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. நேரத்துக்கு அடக்கச் சுருக்குவது, தொழில்நுட்பத் தேவைக்கு மாற்றுவது ஆகியவை சிதைப்பு ஆகாது என்று விளக்கமும் உண்டு. மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஏற்றிய அரைக் கட்டை அந்த விளக்கத்துக்குள் வராது.

கட்டண நேரலையில் நகலெடுப்பைத் தடுக்கும் மின்னணுப் பூட்டை உடைத்து எடுத்திருந்தால் 65ஏ தனியாக வரும். இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

#11 கடைசிவரிசை

எல்லாம் சரி. ஆனால் ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். பழைய ஜாம்பவான்களின் மேடைக் கச்சேரி இன்று நம் காதுக்குக் கிடைப்பது யாரால்? ஸ்பூல் டேப்பைத் தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்த ரசிகர்களால். கம்பெனி இசைத்தட்டு மூன்று நிமிஷமும் இருபது நிமிஷமும் கொடுத்தது. மூன்று மணி நேரக் கச்சேரி எப்படி ஓடியது, எங்கே விரிந்தது என்பதற்கு அந்த டேப்புகள்தான் சாட்சி. அவர்களையும் இதே தராசில் போடுவீர்களா?

#12 தாவா_எண்

தராசில் போட்டால் பெரும்பாலும் அவர்கள் தப்பிவிடுவார்கள். கணக்குப் பாருங்கள்.

1970இல் நடந்த கச்சேரி: அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டு. 2020 டிசம்பரோடு போயிற்று. நிகழ்த்துநர் உரிமை என்று ஒருவரும் கேட்க முடியாது. 1985 கச்சேரி: உரிமை பொருந்தும் என்று கொண்டால் 2035 கடைசி வரை. "கொண்டால்" என்று ஏன் சொல்கிறேன் என்றால், 10-5-1995க்கு முன் நடந்தவற்றுக்கும் இது செல்லும் என்று 38இல் நேரடி வரி இல்லை. இரண்டு பக்கமும் வாதாடலாம். ஜாக்கிரதையானவர் செல்லும் என்று வைத்துக்கொண்டு வாரிசுகளிடம் கேட்டுவிடுவார்.

வானொலியிலிருந்து பிடித்த பதிவு என்றால் ஒளிபரப்பு நிறுவனத்தின் உரிமை தனி. அது 25 ஆண்டுதான்.

இனிப் பலரும் சறுக்குகிற இடம். கச்சேரியின் முன்பாதியில் சங்கீத மும்மூர்த்திகள் (தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி), பாட்டுக்கு உரிமைப் பிரச்சினை இல்லை. கடைசி அரை மணி நேரத் துக்கடாவில்தான் (முடிவில் பாடும் சிறு உருப்படிகளில்) இருக்கிறது. இயற்றியவர் காலமான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார், அவர் பாடல்களுக்கு 2033 கடைசி வரை. லால்குடி ஜெயராமன் தில்லானாவுக்கு 2073 வரை. பாலமுரளிகிருஷ்ணாவின் தில்லானாவுக்கு 2076 வரை. பாரதியார் பாட்டு விஷயத்தில் கவலையில்லை, அரசு எப்போதோ வாங்கிப் பொதுவாக்கிவிட்டது. ஆக, மேடையில் ஏறிய அத்தனை பேரும் சம்மதித்தாலும் தில்லானாவை ஏற்ற இன்னொருவரையும் கேட்க வேண்டியிருக்கும்.

ஒரு வேடிக்கை. ஒளித்து எடுத்த பதிவில் தன் பெயரை முத்திரையாகப் போட்டு, வேறொருவர் எடுத்து ஏற்றினால் "என் பதிவைத் திருடிவிட்டார்கள்" என்று புகார் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பாட்டின் பதிப்புரிமையை மீறி எடுத்த ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமையே கிடையாது என்று 13(3)(பி) சொல்கிறது. எந்த முகத்தோடு புகார் கொடுக்கிறார்களோ.

#13 எடிசன்_ரசிகை

அமெரிக்கப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கிளீவ்லாந்து ஆராதனைப் பதிவுகளும் இதே குழுக்களில்தான் சுற்றுகின்றன. இங்கே அமெரிக்காவில் 1994இல் வந்த சட்டம், சட்டத் தொகுப்பின் 17ஆம் தொகுதி 1101ஆம் பிரிவு. நேரடி இசை நிகழ்ச்சிக்கு மட்டும், நாடகமும் சிரிப்பு மேடையும் இதில் வராது. சம்மதம் இல்லாமல் பதிவு செய்வதே மீறல். இந்தியாவின் 39 மாதிரி "சொந்த உபயோகம்" என்ற கதவு அந்தப் பிரிவில் எழுதப்படவில்லை. இன்னொரு கூர்மை: பதிவு அமெரிக்காவில் எடுக்கப்பட்டதா என்பது பொருட்டில்லை. சென்னையில் ஒளித்து எடுத்ததை நியூஜெர்சியில் விநியோகித்தாலும் பிரிவு பொருந்தும். சிறை என்பது வேறு பிரிவு, அதற்குப் பண ஆதாய நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும்.

இந்தியா 2018 டிசம்பரில் நிகழ்த்துநர்களுக்கான உலக அறிவுசார் சொத்து அமைப்பின் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டதால் எல்லை தாண்டிய வாதம் முன்பைவிட லகுவாகியிருக்கிறது.

#14 ஆதிதாளம்

நல்ல தெளிவு. இப்போது பாதிக்கப்பட்டவர் பக்கம். நேற்றைய கச்சேரி இன்று காலை யூடியூபில், டெலிகிராமில். கலைஞர் என்ன வரிசையில் என்ன செய்ய வேண்டும்?

#15 தாவா_எண்

எல்லாரும் முதலில் செய்யும் தப்பு: ஆத்திரத்தில் புகார் பொத்தானை அழுத்துவது. வீடியோ போய்விடும், கூடவே சாட்சியும் போய்விடும். வழக்கு என்று வரும்போது கையில் ஒரு மங்கலான ஸ்கிரீன்ஷாட் இருக்கும்.

முதலில் சாட்சி. பக்கத்தின் முழு முகவரி, சேனல் பெயர், ஏற்றிய தேதி, பார்வை எண்ணிக்கை, விளக்கக் குறிப்பு எல்லாம் தெரியும்படி திரையை வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். கணினியின் நேரமும் திரையில் தெரியட்டும். கோப்பையும் இறக்கி வையுங்கள். இறக்கிய உடனே அதன் எஸ்.எச்.ஏ.-256 எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி, மென்பொருள் கணக்கிட்டுத் தரும்) எடுத்து எழுதி வையுங்கள். 1-7-2024 முதல் மின்னணுச் சாட்சிக்கான பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி போய், பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு வந்திருக்கிறது. சான்றிதழ் இப்போது இரண்டு பகுதி: பகுதி ஏ கோப்பை வைத்திருப்பவர் தருவது, பகுதி பி நிபுணர் தருவது. இரண்டிலும் இந்த எண்ணைக் கேட்கிறார்கள். நாளைக்குக் கோப்பைத் திறந்து "கொஞ்சம் வெட்டிச் சுத்தம் செய்து" சேமித்தால் எண் மாறிவிடும், சாட்சி நொண்டியாகிவிடும். அசலைத் தொடாதீர்கள், வேலைக்கு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது புகார். யூடியூப் படிவத்தில் புகார்தாரர் பெயர் ஏற்றியவருக்குத் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். என்ன உரிமை என்ற இடத்தில் "என் பாட்டு" என்று எழுதாதீர்கள். தியாகராஜர் கிருதியைப் பாடிவிட்டு அப்படி எழுதினால் எதிர்ப்பு மனு வருவது நிச்சயம். "இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 38, 38ஏ பிரிவுகளின்படி என் நேரடி நிகழ்ச்சியின் அனுமதியற்ற பதிவு" என்று எழுதி, நாள், இடம், எந்த உருப்படி, எத்தனையாவது நிமிஷம் என்று குறியுங்கள். ஏற்றியவர் எதிர்ப்பு மனு போட்டால் 10 வேலை நாளுக்குள் வழக்குப் போட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வீடியோ திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். 90 நாளுக்குள் மூன்று புகார் உறுதியானால் சேனலையே மூடுவார்கள்.

இந்திய விதிகளின்படி எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தால் இணையத் தளம் 36 மணி நேரத்துக்குள் எட்டாமல் செய்ய வேண்டும், 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பத் திறக்கலாம். 2013 பதிப்புரிமை விதிகளில் 75ஆவது விதி. அந்த விதி தற்காலிகச் சேமிப்புக்குத்தான் என்று தளங்கள் வாதாடுவதுண்டு. ஆனால் மைஸ்பேஸ் வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதே 36 மணி நேரத்தைத்தான் சொன்னது. அந்தத் தீர்ப்பின் இன்னொரு பாதியையும் படியுங்கள்: தளத்துக்குப் பொதுவாக "எங்கள் கச்சேரிகள் எல்லாம்" என்று எழுதினால் பயனில்லை, ஒவ்வொரு சுட்டியையும் கொடுக்க வேண்டும்.

டெலிகிராமில் ஆள் யார் என்றே தெரியாதே என்பார்கள். நீத்து சிங் வழக்கில், அதுவும் வகுப்பு வீடியோக்கள் சேனல்களில் சுற்றிய விவகாரம், 2022 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் சேனல் நடத்துபவர்களின் ஃபோன் எண், ஐ.பி. முகவரி எல்லாவற்றையும் மூடிய உறையில் கொடுக்கச் சொன்னது.

மூன்றாவது போலீஸ். 63ஆம் பிரிவு: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு, 50,000 முதல் 2 லட்சம் அபராதம். வியாபார ஆதாயத்துக்கு இல்லை என்றால் காரணம் எழுதிக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இந்தக் குற்றத்தில் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆர்வக்கோளாறு ரசிகர் மேல் இதை ஏவ வேண்டுமா என்பது வேறு கேள்வி. காசு வாங்கிக்கொண்டு ட்ரைவ் சுட்டி விற்பவர் மேல் ஏவலாம், தப்பே இல்லை.

#16 மைக்செட்

ஒரு சேர்க்கை. வாட்ஸப்பில் வீடியோவை முதல்முறை அனுப்பும்போது அது சுருக்கி அனுப்பும். அதன்பின் ஃபார்வேர்டு ஆகும்போது பெரும்பாலும் அதே கோப்புதான் போகும். மூன்று குழுக்களிலிருந்து மூன்று பேர் இறக்கிய கோப்புகளுக்கு ஒரே எஸ்.எச்.ஏ. எண் வந்தால் மூன்றும் ஒரே ஊற்று. எண் வேறாக இருந்தால் இரண்டு பேர் தனித்தனியாகப் பதிவு செய்திருக்கலாம், அல்லது நடுவில் யாரோ வெட்டியிருக்கலாம். இருமல் சத்தம் ஒரே நொடியில், ஒரே அளவில் விழுகிறதா என்று பாருங்கள். இரண்டு இருக்கையிலிருந்து எடுத்திருந்தால் பக்கத்து இருமல் ஒன்றில் பெரிதாகவும் மற்றதில் சிறிதாகவும் கேட்கும்.

#17 சிரிப்புக்கடை

இசைக்காரர்களுக்காவது அடுத்த நாள் வேறு நிரவல் (ஒரு வரியை மேடையிலேயே விரித்துப் பாடுவது). ஸ்டாண்ட்-அப் மேடையில் ஒரு மணி நேரச் சரக்கைச் சீராக்கப் பல மாதம் ஆகிறது. கடைசி வரி முன்கூட்டியே கசிந்துவிட்டால் அடுத்த ஊரில் அந்தக் கட்டம் செத்துவிடும். நிகழ்த்துநர் உரிமையோடு, எழுதி வைத்த வசனத்துக்கு இலக்கியப் படைப்பு என்ற பதிப்புரிமையும் உண்டு. ஆகவே புகாரில் இரண்டையும் எழுதுங்கள். எழுத்துப் பிரதியைத் தேதியோடு உங்களுக்கே மின்னஞ்சல் செய்து வைத்திருந்தால் பிற்பாடு வாதம் சுருங்கும்.

#18 கடைசிவரிசை

விமர்சனம் எழுதுபவர்கள் கதி? "30 நொடி வரை போடலாம்" என்கிறார்களே.

#19 தாவா_எண்

30 நொடி என்று எந்தப் பிரிவிலும் இல்லை. யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. 39(பி) சொல்வது: நேர்மையான விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்கு நியாயமான அளவில் சிறுபகுதிகள். அளவுகோல் நொடி இல்லை, தேவை. "பைரவி ஆலாபனையில் சதுஸ்ருதி தைவதத்திலிருந்து சுத்த தைவதத்துக்கு இறங்கிய விதம்" என்று எழுதி அந்த இடத்தை மட்டும் 40 நொடி காட்டினால் அது விமர்சனம். "என்ன பைரவி!" என்று ஒரு வரி எழுதிவிட்டு எட்டு நிமிஷத்தைப் போட்டால் அது பதிவேற்றம்.

மாணவர் பதிவுக்கும் இதே மாதிரிதான். பாடம் பண்ண எடுக்கலாம், வகுப்பில் போட்டுக் காட்டிச் சொல்லித்தரலாம். கட்டணப் பாடத்தொகுப்பில் செருகினால் "கற்பித்தல்" என்ற சொல் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

#20 ஆதிதாளம்

வாசலில் நிற்கும் செக்யூரிட்டி ஃபோனைப் பிடுங்கி அழிக்கச் சொல்கிறாரே, அது?

#21 தாவா_எண்

முடியாது. டிக்கெட்டின் பின்புறம் அச்சடித்த நிபந்தனையை மீறினால் வெளியே போகச் சொல்லலாம். அது ஒப்பந்த விவகாரம், சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்தவருக்கும் பொருந்தும். 39 இருக்கிறது என்று வாதாடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது. ஆனால் ஃபோனைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் 64ஆம் பிரிவுப்படி சார்பு ஆய்வாளருக்கும் அவருக்கு மேற்பட்டவருக்கும்தான். சபாவுக்கு என் யோசனை: டிக்கெட் இல்லாத மதியக் கச்சேரிக்கு நிபந்தனை அச்சடிக்க இடமில்லை, ஆகவே வாசலில் பெரிய எழுத்தில் பலகை, திரை தூக்குமுன் ஒரு அறிவிப்பு. இரண்டையும் புகைப்படமும் பதிவுமாக வைத்துக்கொள்ளுங்கள்.

#22 எடிசன்_ரசிகை

முறையாகப் பகிர நினைப்பவர்கள் எப்படிக் கேட்பது? எழுதிக் கொடுத்தால் எல்லாருக்கும் உதவும்.

#23 தாவா_எண்

உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். வாட்ஸப் செய்தியும் எழுத்துதான். இப்படி அனுப்பலாம்:

"வணக்கம். இந்தத் தேதியில் இந்தச் சபாவில் நடந்த உங்கள் கச்சேரியிலிருந்து இந்த உருப்படியின் இத்தனை நிமிட ஒலிப்பதிவை, வெட்டாமல், சுருதியும் வேகமும் மாற்றாமல், இந்தத் தளத்தில் இந்தப் பக்கத்தில் மட்டும், விளம்பர வருமானம் இல்லாமல், ஓராண்டுக்கு வைக்க அனுமதி கேட்கிறேன். நீங்கள் எப்போது எடுக்கச் சொன்னாலும் இரண்டு நாளில் எடுத்துவிடுவேன். சம்மதம் என்றால் 'சம்மதம்' என்று உங்கள் பெயரோடு பதில் அனுப்பவும்."

கட்டைவிரல் படம் பதிலாக வந்தால் நம்பாதீர்கள், சொல்லாகக் கேட்டு வாங்குங்கள். மேடையில் எத்தனை பேரோ அத்தனை பதில். பதில் வராதது சம்மதம் இல்லை.

#24 அரைச்சாப்பு

அனுமதி கிடைத்தபின் விளக்கக் குறிப்பில் எல்லார் பெயரும் போடுங்கள், 38பி அதற்கும் உரிமை தருகிறது. "மற்றும் பக்கவாத்தியங்கள்" என்று முடிக்க வேண்டாம். கடம் வாசித்தவர் பெயரின் முதலெழுத்தைச் சபாவின் அழைப்பிதழைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டு ஏற்றுங்கள்.